தோண்டினால் பாதிதான்: காலனி விளையாட்டுகளின் கனிமக் கணக்கு

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் என்ற கணினி விளையாட்டில் 1000 கிலோ செம்புத்தாதுப் பாறையை வெட்டினால் கையில் சேர்வது 500 கிலோதான். மீதிப் பாதி எங்கும் சிந்திக் கிடக்காது, இல்லாமலே போய்விடும். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த க்ளே நிறுவனம் 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட இந்த விளையாட்டு, கட்டுமான விஷயத்தில் கிராம் கணக்குப் பார்க்கும். சுவரை இடித்தால் அதற்குப் போட்ட கல் முழுதும் திரும்பி வரும். இயந்திரத்தைப் பிரித்தால் உள்ளே போன உலோகம் கிலோ குறையாமல் தரையில் விழும். தோண்டும் வேலையில்தான் பாதிக்குப் பாதி நஷ்டம்.

இதன் பொருள் புதிதாக ஆடுபவருக்குச் சட்டென்று பிடிபடாது. பொருளைச் செலவழிக்கும் இடத்தில் இழப்பு இல்லை, எடுக்கும் இடத்தில் இருக்கிறது. அப்படியானால் கட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. வெட்டுவதற்குத்தான் தயங்க வேண்டும். ஆனால் முதல் ஆட்டத்தில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணில் படும் பாறையையெல்லாம் வளைத்துக் குறித்து வெட்டச் சொல்லிவிட்டு, கிடங்கில் எண்கள் ஏறுவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். அந்த எண்கள் வருமானமாகத் தெரிகின்றன. உண்மையில் அது முதலைப் பாதி விலைக்கு உடைத்து எடுத்த பணம்.

காலனி வகை விளையாட்டுகளில் கனிமத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பது பற்றி ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை சிக்கன யோசனைகள். மரத்தால் கட்டு, உலோகத்தை மிச்சம் பிடி, விளக்கை அணை. தவறில்லை. ஆனால் சிக்கனம் நாட்களை வாங்கித் தருமே தவிர வழியைக் காட்டாது. இந்த வகையின் முக்கியமான நாலைந்து விளையாட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், காலனி பிழைப்பதும் சாவதும் இன்னொரு கேள்வியில் தொங்குவது தெரிகிறது: தீரப்போகும் பொருளை, அது தீர்வதற்குள், தீராத எதுவாக மாற்றினாய்?

பொருளியலுக்கு இந்தக் கேள்வி பழையது. பிரிட்டனின் நிலக்கரி பற்றி ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865-இல் எழுதிய நூல், குறைந்த கரியில் நிறைய வேலை செய்யும் எஞ்சின் வந்தால் கரியின் செலவு குறையாது, கூடும் என்று வாதித்தது. ஹரால்ட் ஹோட்டலிங் 1931-இல் மண்ணுக்குள் கிடக்கும் தாதுவை ஒரு சொத்தாகப் பார்த்தார்; எடுத்து விற்று வட்டிக்கு விடுவதா, உள்ளேயே விட்டு விலையேறக் காத்திருப்பதா என்பதுதான் சுரங்கக்காரரின் கணக்கு. ஜான் ஹார்ட்விக் 1977-இல் இன்னொரு படி போனார்: தீரும் வளத்திலிருந்து வரும் லாபத்தை உண்டு தீர்க்காமல், மீண்டும் உற்பத்தி செய்யக்கூடிய மூலதனத்தில் போட்டுக்கொண்டே வந்தால் வளம் வற்றினாலும் வாழ்க்கைத் தரம் விழாது. விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் ஊரில் சொல்வதைச் சமன்பாட்டில் எழுதியது போல. இந்த மூன்று பேரையும் படிக்காமலே மூன்று பேரின் கணக்கையும் போடவைக்கின்றன இந்த விளையாட்டுகள்.

முதலில் ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கேள்வியை இவ்வளவு நேர்மையாகக் கேட்ட விளையாட்டு வேறில்லை. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று டூப்ளிகண்டுகள், அதாவது அச்சிட்டு எடுத்த மனிதர்கள், கண் விழிக்கிறார்கள். ஒருவர் நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் சுவாசிக்கிறார். ஒரு நாள், அவர்கள் மொழியில் ஒரு சைக்கிள், 600 நொடி. ஆளுக்கு நாளைக்கு 60 கிலோ. தொடக்கத்தில் கைக்கு எட்டும் ஒரே தீர்வு பாசி. பாசியைப் போட்டால் ஆக்சிஜன் தரும் டிஃப்யூசர், நொடிக்கு 550 கிராம் தின்று 500 கிராம் காற்று கக்குகிறது. ஐந்து பேருக்கு ஓர் இயந்திரம், நாளைக்கு 330 கிலோ பாசி. நூறு நாளுக்கு 33 டன். வெட்டும்போது பாதி போகும் என்பதால் நிலத்திலிருந்து அழிந்தது 66 டன். சுற்றிலும் பச்சைப் பசேலென்று பாசி தெரிவதால் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இந்த இடத்தில் ஜெவான்ஸ் வந்து சேர்கிறார். மூன்று சைக்கிளுக்கு ஒருமுறை, ஆட்களை அச்சிடும் அச்சுப்பெட்டி கதவைத் திறந்து, புதிய ஆள் வேண்டுமா என்று கேட்கும். காற்று கொஞ்சம் மிச்சம் பிடித்து நிம்மதியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கேட்கும். தோண்டுவதற்குக் கை கூடுகிறதே என்று சேர்த்துக்கொள்கிறோம். மிச்சம் பிடித்த பாசி புதிய மூக்குக்குப் போகிறது. வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை மூடக் கற்றுக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் முதல் உருப்படியான வளநிர்வாகம் என்பேன்.

பாசிக்கு அடுத்தது தண்ணீர். எலக்ட்ரோலைசர் நொடிக்கு ஒரு கிலோ தண்ணீரைப் பிளந்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தருகிறது. எட்டுப் பேருக்குக் காணும். ஆனால் குளத்துத் தண்ணீரும் தீரும். தீராத தண்ணீர் வேண்டுமென்றால் பெரும்பாலும் நீராவி ஊற்றைத் தேடிப் போக வேண்டும். அதிலிருந்து வருவது 110 டிகிரி ஆவி. தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்த கையோடு வெப்பப் பஞ்சாயத்து தொடங்குகிறது. ஆவியைக் குளிர்விக்கும் பொறிக்குச் சூட்டைத் தாங்கும் உலோகம் வேண்டும்; பெரும்பாலோர் எஃகைத் தேடுகிறார்கள். 100 கிலோ எஃகுக்கு 70 கிலோ இரும்பு, 20 கிலோ சுத்திகரித்த கார்பன், 10 கிலோ சுண்ணாம்பு. இரும்புக்கும் கரிக்கும் வழியுண்டு. சுண்ணாம்புக்கு? புதைபடிவப் பாறையை அரைத்தால் 100 கிலோவில் 5 கிலோ தேறும். அல்லது முட்டை ஓடு. வளர்க்கும் பிராணி முட்டையிட்டு, முட்டை பொரிந்தோ உடைந்தோ, அந்த ஓட்டை அரைத்துச் சுண்ணாம்பு எடுக்க வேண்டும். மூச்சு விடுவதில் தொடங்கிய கணக்கு கோழிப்பண்ணையில் வந்து நிற்கிறது. இந்தச் சங்கிலியை முன்கூட்டிப் பார்ப்பவர் முதல் முப்பது நாளிலேயே ஒரு பண்ணை போட்டுவிடுவார். பார்க்காதவர் நூறாவது நாளில் எஃகு இல்லாமல் கொதிக்கும் நீரூற்றை முறைத்துக்கொண்டு நிற்பார்.

பண்ணையை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஹேட்ச் என்று ஒரு பிராணி, கல்லைத் தின்னும். நாளைக்கு 140 கிலோ கல், பதிலுக்கு 70 கிலோ நிலக்கரி. நிலக்கரி ஜெனரேட்டர் நிற்காமல் ஓடினால் நாளைக்கு 600 கிலோ எரிக்கும். அதற்கு ஒன்பது ஹேட்ச் வேண்டும். ஆனால் பேட்டரி குறையும்போது மட்டும் ஜெனரேட்டர் ஓடும்படி ஒரு கம்பி இழுத்துவிட்டால் மூன்று நான்கு போதும். கல் தீராதா என்று கேட்கலாம். தீரும், எரிமலை இல்லாவிட்டால். எரிமலைக் குழம்பு ஆறினால் தீப்பாறை. தீப்பாறை தின்னும் ஹேட்ச் ஒரு வகை உண்டு. அதன் எச்சம் கரி. இப்போது கரி, சுரங்கப் பொருள் என்ற நிலையிலிருந்து விளைச்சல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதே கரி, அதே ஜெனரேட்டர். கணக்கேட்டில் அது இருக்கும் பத்தி மாறிவிட்டது.

உலோகத்துக்கும் இதே வழிதான். நசுக்கும் இயந்திரத்தில் 100 கிலோ தாது போட்டால் 50 கிலோ உலோகம், 50 கிலோ மணல். வெட்டும்போது போன பாதியையும் சேர்த்தால், பாறையில் இருந்த உலோகத்தில் கால் பங்குதான் கைக்கு வருகிறது. சுத்திகரிப்பு உலை 100-க்கு 100 தரும், ஆனால் 1200 வாட் மின்சாரமும் கொதித்து வெளியேறும் குளிர்நீரும் அதன் கூலி. ஆகவே உலை கட்டும்வரை தாதுவைத் தொடாதே என்பது நல்ல ஆட்டக்காரர்களின் வழக்கம். அவசரத்துக்கு நசுக்கலாம், வழக்கமாக நசுக்கினால் எதிர்காலத்தைக் கால் விலைக்கு விற்பதுதான். கடைசிப் படி உலோக எரிமலை. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் செம்போ தங்கமோ கக்கும் வாயைச் சுற்றி எஃகு அறை கட்டி, உள்ளே நீராவி நிரப்பி, மேலே டர்பைன் வைத்தால், உலோகம் ஆறிக் கட்டியாகும்போது அதன் சூடு மின்சாரமாகிறது. கன்வேயர் கட்டியை வெளியே கொண்டுவருகிறது. உலோகமும் கிடைத்து, மின்சாரமும் கிடைத்து, யாரும் கடப்பாரை எடுக்கவில்லை. இந்த அறையைக் கட்டத் தேவையான எஃகு மட்டும் தோண்டியெடுத்த தாதுவிலிருந்து வந்தாக வேண்டும். தோண்டும் தாதுவின் சரியான பயன் அதுதான்: தோண்டவேண்டிய தேவையைத் தீர்த்துக் கட்டும் பொறியை ஒருமுறை கட்டிக்கொள்வது. அதைத் தரைக்கு ஓடாகவும் அலங்காரச் சிலையாகவும் போட்டவர்கள் உண்டு. பொருள் திரும்பக் கிடைக்கும் விளையாட்டு என்பதால் இடித்து எடுத்துக்கொள்ளலாம். வாழ்க்கை இவ்வளவு தாராளம் இல்லை.

ரிம்வேர்ல்ட் தாராளம் இல்லாத விளையாட்டு. டைனன் சில்வெஸ்டரின் லூடியான் ஸ்டுடியோஸ் 2018 அக்டோபரில் முழுப் பதிப்பாக வெளியிட்டது. விண்கலம் நொறுங்கி மூன்று பேர் ஓர் எல்லைக் கிரகத்தில் விழுகிறார்கள். அந்தத் தொடக்கத்தில் கையிருப்பு 450 ஸ்டீல், 300 மரம், 30 காம்போனென்ட் (இயந்திர பாகம்). ஸ்டீல் பெரிய எண்ணாகத் தெரிவதால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். கழுத்தைப் பிடிப்பது காம்போனென்ட். உணவு கெடாமல் ஓர் அறை குளிர்விக்க ஒரு கூலர், ஒரு காற்றாலை, ஒரு பேட்டரி என்று வைத்தால் 260 ஸ்டீலும் 7 காம்போனென்டும் போச்சு. பூமிச்சூட்டு மின்நிலையத்துக்கு 340 ஸ்டீல், 8 காம்போனென்ட். இவற்றில் ஏதாவது அவ்வப்போது பழுதாகும். பழுது நீக்க ஒரு காம்போனென்ட். பாறைக்குள் புதைந்து கிடக்கும் பழைய இயந்திரப் படிவத்தை வெட்டினால் கட்டத்துக்கு இரண்டு கிடைக்கும். வரைபடத்தில் அந்தப் படிவம் கொஞ்சம்தான். வானிலிருந்து விழும் கப்பல் சிதைவுகள் இன்னும் சில தரும்.

பிறகு? செய்துகொள்ளலாம்: 12 ஸ்டீலுக்கு ஒரு காம்போனென்ட். ஆனால் அதைச் செய்யும் மேசையைக் கட்டவே 12 காம்போனென்டும், இரண்டு உயர்வகைக் காம்போனென்டும் வேண்டும். உயர்வகையைச் செய்வதும் அதே மேசையில்தான். ஆக முதல் இரண்டையும் வணிகரிடமோ வேறு வழியிலோ வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டும். தற்சார்புக் காலனி என்ற கனவை சில்வெஸ்டர் இந்த ஒரு விதியில் உடைத்துப் போடுகிறார். விற்க என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தால், கல். எங்கும் கிடைக்கும், எடுக்க எடுக்கக் குறைவது தெரியாத கல். கல்லை அறுத்துச் சிலை வடித்து விற்றால் வெள்ளி வரும். வெள்ளிக்குக் காம்போனென்ட் வரும். கனிமத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பது சுரங்கக்காரர் அல்ல, சிற்பி. ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் இந்த வழியே கிடையாது. அங்கே வாங்கவும் விற்கவும் ஆள் இல்லை. ஒரு காலனிக்குச் சந்தை இருக்கிறதா இல்லையா என்பது, அதற்கு எவ்வளவு தாது இருக்கிறது என்பதைவிட முக்கியம்.

கல்லைப் பற்றி இன்னொன்று. ரிம்வேர்ல்டில் ஸ்டீல் சுவர் தீப்பிடிக்கும். இரும்பு எரியுமா என்று சிரிக்கலாம். ஆடுபவர்களும் வருடக்கணக்கில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் விதியின் நோக்கம் தெளிவு. அரிய பொருளால் சுவர் எழுப்புவது பெருமையாகவும் இருக்கக் கூடாது, பயனாகவும் இருக்கக் கூடாது. எங்கும் கிடைக்கும் கிரானைட் சுவர் எரியாது, ஸ்டீல் சுவரைவிட உறுதி, செலவு உழைப்பு மட்டும். ஆட்களின் நேரத்தைக் கொடுத்து அரிய பொருளை மிச்சப்படுத்து என்று விளையாட்டு நெருக்குகிறது.

இனி, இந்த விளையாட்டின் மிகக் கூர்மையான விதி. காலனியைத் தாக்க வரும் கொள்ளைக்கூட்டத்தின் பலம், காலனியின் மொத்தச் சொத்து மதிப்பைப் பார்த்து ஏறுகிறது. கிடங்கில் அடுக்கிய ஸ்டீலும் வெள்ளியும் தங்கமும் அதில் முழுதாகச் சேரும். கட்டடம் பாதி மதிப்புக்குத்தான் சேரும். வெட்டாமல் பாறையிலேயே விட்ட தாது சேரவே சேராது. ஹோட்டலிங் வட்டி விகிதத்தோடு ஒப்பிட்டார். இங்கே வட்டிக்குப் பதில் துப்பாக்கி. எடுத்து வைத்தால் ஆபத்து ஏறும், மண்ணுக்குள் விட்டால் ஏறாது. முதல் விளையாட்டு பாதி நஷ்டம் காட்டி வெட்டாதே என்கிறது. இரண்டாவது கொள்ளைக்காரனைக் காட்டி வெட்டாதே என்கிறது. வேறு வேறு ஊரில், வேறு வேறு காரணத்துக்காக எழுதிய விதிகள் ஒரே நடத்தையில் வந்து சேர்கின்றன: தேவை வந்த அன்று வெட்டு, வெட்டியதை அன்றே வேலைக்குப் போடு.

வரைபடத்தின் மேற்பரப்புத் தாது தீர்ந்த பிறகு ரிம்வேர்ல்ட் கதவை முழுதாக மூடிவிடுவதில்லை. தரையை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர், ஆழ்துளை டிரில், தொலைதூரப் படிவம் தேடும் கருவி என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. ஆழத்தில் துளையிட்டால் பூச்சிக்கூட்டம் கிளம்பலாம். தூரத்துப் படிவத்துக்கு ஆட்களை அனுப்பினால் ஊரில் காவல் குறையும். தீராத வளம் என்று ஒன்றைக் காட்டி, அதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டுக் குலுக்குகிறார்கள். ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் எரிமலையை அடக்கிவிட்டால் கவலை விட்டது. இங்கே விடாது. எது சரி என்று கேட்டால், சுரங்கத் தொழிலின் உண்மைக்கு ரிம்வேர்ல்ட்தான் பக்கம். மேலே கிடப்பதை முதலில் எடுத்துவிட்டு, ஆழம் போகப் போகச் செலவும் ஆபத்தும் கூடுவதுதான் எந்தச் சுரங்கத்தின் கதையும்.

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2018 ஏப்ரலில் வெளியிட்ட ஃப்ராஸ்ட்பங்க், கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறது. மாற்று வரலாற்றின் 1886. உலகம் உறைகிறது. நடுவில் ஒரு ராட்சத ஜெனரேட்டர், சுற்றிலும் நகரம். ஜெனரேட்டர் நிலக்கரி தின்கிறது. ஆனால் இங்கே நிலக்கரி அரிதல்ல. தரையில் கிடக்கும் குவியல் தீர்ந்ததும் கரிச்சுரங்கம் கட்டினால், அது வற்றவே வற்றாது. இரும்புக்கும் அப்படியே. வற்றுவது அந்தச் சுரங்கத்தைக் கட்டத் தேவையான ஸ்டீம் கோர். அதை நகரத்தில் செய்ய முடியாது. பனிக்காட்டுக்குச் சாரணர்களை அனுப்பிப் பாழடைந்த இடங்களில் தேடி எடுத்து வர வேண்டும். கையில் ஒரு கோர் இருக்கிறது. கரிச்சுரங்கமா, தரமான மருத்துவமனையா, ஓய்வில்லாமல் உழைக்கும் ஆட்டோமேட்டனா? கட்டடத்தைப் பிரித்தால் கோர் திரும்பிவிடும் என்பது ஆறுதல். புயல் நெருங்கும்போது பிரித்துக் கட்ட நேரம் இருக்காது என்பது நிஜம். தாது தீராது, தாதுவை எடுக்கும் திறன் அரிது என்ற இந்த அமைப்பை மற்ற விளையாட்டுகள் இவ்வளவு கறாராகச் செய்து பார்க்கவில்லை.

இந்த விளையாட்டில்தான் இன்னொரு வளமும் கணக்கில் வருகிறது. கரி குறைந்தால் வேலை நேரத்தை நீட்டலாம். இன்னும் குறைந்தால் 24 மணி நேர அவசர ஷிப்ட். அதில் ஆள் சாகலாம். குழந்தைகளை வேலைக்கு அனுப்பச் சட்டம் போடலாம். முதலில் ஆபத்தில்லாத வேலைக்கு, பிறகு எல்லா வேலைக்கும். நிலத்திலிருந்து எடுக்க முடியாததை மனிதரிடமிருந்து எடுக்கும் வழியை விளையாட்டு பட்டனாக வைத்திருக்கிறது, அழுத்தியதற்கான மனக்கசப்பையும் பக்கத்திலேயே அளந்து காட்டுகிறது. டூப்ளிகண்டுகள் இப்படிச் சாவதில்லை, வேலைநிறுத்தமும் செய்வதில்லை. கனிம நிர்வாகம் பற்றிப் பேசும்போது ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு வெகுளி.

டிவார்ஃப் ஃபோர்ட்ரஸைச் சொல்லாமல் இந்த வகையைப் பற்றிப் பேச முடியாது. டார்ன், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள்; நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்பில் சேர்த்தது; 2022 டிசம்பரில் ஸ்டீமில் படங்களோடு வந்தது. இங்கே பஞ்சம் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. நிலவியல் உண்மையான அடுக்குகளைப் பின்பற்றுகிறது. இரும்புத்தாதும் நிலக்கரியும் பெரும்பாலும் படிவுப்பாறையில்தான். எஃகுக்கு இரும்பு, கரி, சுண்ணாம்புக்கல் வகை மூன்றும் சேர வேண்டும். கோட்டைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடத்திலேயே பாதி வளநிர்வாகம் முடிந்துவிடுகிறது. தவறான அடுக்கில் இறங்கியவர் தங்கத்திலும் வெள்ளியிலும் குளிப்பார், ஒரு வாள் செய்ய இரும்பு இருக்காது. கரி இல்லாவிட்டால் மரத்தை எரித்துக் கரியாக்கலாம். அதிகம் வெட்டினால் எல்ஃப் தூதர் வந்து மரத்துக்கு வரம்பு வைக்கச் சொல்வார். ஆழத்தில் மாக்மாவைத் தொட்டுவிட்டால் உலைக்கு எரிபொருளே வேண்டாம். மாற்றிக்கொள்ளும் கதை இங்கேயும் உண்டு. ஆனால் இன்னும் ஆழத்தில் அடமன்டைன் என்ற உலோகம், எல்லாவற்றையும்விடக் கூர்மையானது, லேசானது. அதன் தூணைப் பேராசையோடு அடிவரை வெட்டினால் பாதாளம் திறந்து கோட்டை அழியும். எங்கே நிறுத்துவது என்று விளையாட்டு சொல்லாது. பழைய ஆட்டக்காரர்கள் சில கட்டங்களை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

சர்வைவிங் மார்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பல்கேரியாவின் ஹேமிமான்ட் உருவாக்கியது, 2018 மார்ச்சில் வெளிவந்தது. செவ்வாயில் குவிமாடம் கட்டி, அரிய உலோகத்தைத் தோண்டிப் பூமிக்கு ஏற்றுமதி செய்து, அந்தப் பணத்தில் எலக்ட்ரானிக்ஸும் இயந்திர பாகமும் இறக்குமதி செய்யும் காலனி. கட்டுவதற்கு ஆகும் செலவைப் பார்த்துத் திட்டமிடுபவர் இதில் மூழ்குவார். மூழ்கடிப்பது பராமரிப்பு. ஒவ்வொரு கட்டடமும் காலத்துக்குக் காலம் பாகம் கேட்டுக்கொண்டே இருக்கும். படிவம் வற்றும் நாளில் காலனி மிகப் பெரிதாகியிருக்கும், தின்னும் வாய்களும் மிகப் பெரிதாகியிருக்கும். உண்மையான சுரங்க நகரங்கள் இப்படித்தான் சரிகின்றன. அந்த அளவில் இது மற்றவற்றைவிட யதார்த்தம். பிறகு வற்றாத உலோகம் தரும் மோஹோல் சுரங்கத்தைக் கட்ட அனுமதித்து, தானே எழுப்பிய நெருக்கடியைத் தானே கலைத்துவிடுவது அதன் பலவீனம்.

இந்தக் கணக்குகளை நிஜ உலகத்துக்கு நேராகக் கொண்டுபோக முடியுமா? ஒரு பெரிய தடை இருக்கிறது. விளையாட்டில் கிடங்கின் எண் உண்மை. பாறையில் சுட்டியை வைத்தால் உள்ளே எத்தனை கிலோ என்று தெரியும். ஊற்றை ஆராய்ந்தால் அதன் சராசரி வரத்து, உறங்கும் காலம் எல்லாம் எழுத்தில் வந்து நிற்கும். நிஜச் சுரங்கத்தில் இருப்பு என்பதே விலையைப் பொறுத்தது. செம்பின் விலை ஏறினால் நேற்று வெறும் பாறையாக இருந்தது இன்று இருப்பில் சேரும். விலை விழுந்தால் காகிதத்திலிருந்து மறையும். எந்தக் காலனி விளையாட்டிலும் விலை ஏறியதால் மலைக்குள் தாது கூடுவதில்லை.

இன்னொரு தடை, மாற்றிக்கொண்டது வேலை செய்யுமா என்பது. நவ்ரு தீவு 21 சதுர கிலோமீட்டர். பறவை எச்சத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அதன் பாஸ்பேட் படிவத்தை அந்நிய நாடுகள் அள்ளின. 1968-இல் விடுதலை பெற்ற பிறகு நவ்ருவே அள்ளியது. படிவம் தீரும் என்று அவர்களுக்குத் தெரியும். தீர்ந்த பின் உதவ அறக்கட்டளை நிதி வைத்தார்கள், மெல்பர்னில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பினார்கள், வெளிநாடுகளில் சொத்து வாங்கினார்கள். 1993-இல் லண்டனில் லியோனார்டோ டாவின்சி பற்றிய ஓர் இசை நாடகத்துக்கும் நவ்ருவின் பணம் போனது, நாடகம் படுத்துவிட்டது. ஹார்ட்விக் சொன்னபடி மூலதனமாக மாற்றத்தான் முயன்றார்கள். மாற்றிய மூலதனம் கைவிட்டுப் போனது. ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் டர்பைன் எத்தனை வாட் தரும் என்று கட்டும் முன்பே தெரியும்: அதிகபட்சம் 850. நவ்ருவுக்கு அப்படி ஒரு விவரக்குறிப்பு யாரும் தரவில்லை. நார்வே 1990-இல் எண்ணெய் நிதிக்குச் சட்டம் இயற்றியபோது அதற்கும் தரவில்லை. அவர்கள் எடுக்கும் கையைக் கட்டிப் போட்டார்கள், அது நிலைத்தது. விளையாட்டு கற்றுத் தராத பாதி இதுதான்: எதில் போடுவது என்பதோடு, போட்டதை யார் எவ்வளவு எடுக்கலாம் என்பது. காலனி விளையாட்டில் ஆள்பவர் ஒரே ஆள், அவர் தன்னிடம் திருட மாட்டார்.

ஆடுபவர்களின் பழக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பதுக்குவது. எதிர்காலத்துக்கு என்று பிளாஸ்டீல் என்ற அரிய உலோகத்தையும் தங்கத்தையும் ரிம்வேர்ல்ட் கிடங்கில் அடுக்குகிறார்கள். சொத்து ஏறி, கொள்ளைக்கூட்டம் பெருத்து, அந்த பிளாஸ்டீலில் கவசம் செய்யாமலே ஆட்கள் சாகிறார்கள். இதற்குச் சோம்பலோ அறியாமையோ காரணமில்லை என்று நினைக்கிறேன். அரியது என்ற முத்திரை விழுந்ததும் பொருள் பயன்பாட்டிலிருந்து விலகி உண்டியலாகிவிடுகிறது. அந்த பிளாஸ்டீலையும் தங்கத்தையும் வணிகரிடம் விற்றால் உயர்வகைக் காம்போனென்ட் வாங்கலாம். அது இரண்டு சேர்ந்தால் காம்போனென்ட் செய்யும் மேசையையே கட்டலாம். மேசை இருக்கும் காலனிக்கு இனிப் பஞ்சம் ஸ்டீலில் மட்டும். எதைச் செலவழித்தால் ஒரு பஞ்சம் நிரந்தரமாக ஒழியுமோ அதைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும், எவ்வளவு அரிதானாலும்.

எல்லாப் பஞ்சமும் ஒழிந்த பிறகு என்ன ஆகும் என்பது வடிவமைப்பாளர்களின் தலைவலி. எரிமலைகள் அடங்கி, ஊற்றுகள் குளிர்ந்து, பண்ணை தானே ஓடும் காலனியில் செய்ய எதுவும் இல்லை. பெரும்பாலோர் சேமித்துவைத்துவிட்டுப் புதிய ஆட்டம் தொடங்குகிறார்கள். இதற்கு க்ளேயும் லூடியானும் எதிரெதிர் மருந்து கொடுத்திருக்கின்றன. க்ளே 2021 டிசம்பரில் வெளியிட்ட ஸ்பேஸ்டு அவுட் விரிவாக்கத்தில் ஒரே பெரிய சிறுகோளைப் பல துண்டாக்கிவிட்டது. நீ இருக்கும் துண்டில் இல்லாத உலோகம் இன்னொன்றில் இருக்கும். ராக்கெட்டில் ஏற்றி, அல்லது பெட்டியில் அடைத்துச் சுட்டுத்தான் கொண்டுவர வேண்டும். தாதுப் பஞ்சம் போக்குவரத்துப் பஞ்சமாகியது. லூடியான் 2025 ஜூலையில் வெளியிட்ட ஒடிஸி விரிவாக்கமோ காலனியையே பறக்கும் கப்பலாக்கிவிட்டது. வரைபடத்தின் தாதுவை வழித்துவிட்டு எரிபொருள் நிரப்பி அடுத்த வரைபடத்துக்குப் போகலாம், சுற்றுப்பாதையில் சிறுகோளைக்கூட வெட்டலாம். கிடைத்த இடத்தில் வேர்விட்டு மாற்றிக்கொள் என்று ஏழு வருடம் பழக்கியவர்கள், எடுத்துக்கொண்டு கிளம்பு என்கிறார்கள். ஆட்டம் என்ற முறையில் ஒடிஸி உற்சாகமானது. வளக்கணக்கு என்ற முறையில் க்ளேயின் விடைதான் கடினமானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது: அங்கே விட்டுவந்த துண்டுக்கு மறுபடி திரும்பி வந்தாக வேண்டும், பாதி வெட்டிய பாறை அப்படியே நிற்கும்.